ஒற்றுமை நாடகத்தில் விட்ட இடைவேளை

மதங்களுக்குள் ஒற்றுமை வளர்க்க நாடகம் போடுகிறோம், ஹார்மோனியப் பெட்டி வாசிக்க ஆள் வேண்டும் என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், நாடகம் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். கதை என்ன, ராகம் என்ன, யார் ராஜபார்ட் என்பதையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது மறுபடியும் ஊருக்கு ஊர் ஒற்றுமை சபைகள் முளைத்திருக்கின்றன. பெட்டிக்காரர்களான உங்களில் நாலைந்து பேருக்கு அங்கிருந்து அழைப்பு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? போவதற்கு முன்னால், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் திருச்சியில் அப்படி ஒரு நாடகத்துக்கு நான் வாசித்த கதையைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். நாடகக் கம்பெனிகளில் காலால் மிதிக்கிற ஹார்மோனியம் வாசித்தே பாதி ஆயுசைக் கழித்தேன். விரல் மடங்காமல் போனதும் விட்டுவிட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. பெட்டிக்காரன் மேடையைப் பார்த்து உட்காருவான், ஜனங்களுக்கு முதுகுதான் தெரியும். சபைக்கு முதுகைக் காட்டிப் பிழைக்கக்கூடிய தொழில் இது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து இதில் சேர்ந்தேன். இந்தக் கூச்சத்தை அடக்கம் என்று சொல்லி என்னைப் புகழ்ந்தவர்கள் உண்டு. அது எவ்வளவு பெரிய பொய் என்பதும் இந்தக் கதையில் வரும்.

அந்த ஒற்றுமை சபை மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் கூடும். காரியதரிசி ஒரு வக்கீல். சபை கூடினால் காப்பி வரும். பிராமணர்களுக்கு வெள்ளி டம்ளர், மற்ற இந்துக்களுக்குப் பித்தளை டம்ளர், முஸ்லிம் அங்கத்தினர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், கிறிஸ்தவருக்குச் சோடா. யார் எதில் குடிக்க வேண்டும் என்பதில் ஒரு நாளும் தவறு நேர்ந்ததில்லை. குடித்து முடித்ததும் நாம் எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று தீர்மானம் எழுதுவார்கள்.

ஒரு கூட்டத்தில் நாடகம் போடுவதென்று முடிவு செய்தார்கள். வக்கீலே கதை எழுதினார். ஒரு இந்து ரிஷியும் ஒரு பக்கிரியும் காட்டில் சந்தித்து, பதினோரு பாட்டுப் பாடி, கடவுள் ஒருவரே என்று கண்டுபிடிக்கிறார்கள். காட்டில் வேறு வேலை இல்லை போலிருக்கிறது. நடிப்பதற்கு எங்கள் கம்பெனியைக் கேட்டார்கள். புத்தூர் மைதானத்தில் கொட்டகை போட அனுமதி வாங்கித் தருவதாக வக்கீல் சொன்னார். முதலாளி உடனே தலையை ஆட்டிவிட்டார்.

எங்கள் கம்பெனியின் ராஜபார்ட் இஸ்மாயில் பாய். குரல் கணீரென்று கடைசி வரிசை வரை போகும். பதினெட்டு வருஷமாகக் கிருஷ்ணனாகவும் முருகனாகவும் மேடையேறியவர். அவர் வரும்போது எழுந்து நின்று கும்பிட்ட கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை. வக்கீல்தான் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தார்.

"முஸ்லிம் ரிஷி வேஷம் கட்டணும், இந்து பக்கிரி வேஷம் கட்டணும். மாத்திப் போட்டாத்தான் ஒற்றுமை!" என்றார்.

இஸ்மாயில் பாய் என் பக்கம் குனிந்து, "பதினெட்டு வருஷமா கட்டிக்கிட்டிருக்கேன். இத்தனை நாள் இதைப் பிழைப்புன்னுதான் சொன்னாங்க. இன்னைக்குத்தான் ஒற்றுமைன்னு தெரியுது" என்றார்.

அடுத்தது நேரம். ஜில்லாவின் பெரிய வெள்ளைக்கார அதிகாரி தலைமை வகிக்கச் சம்மதித்திருந்தார். ஆனால் துரைக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தவறக்கூடாதாம். நாங்கள் எந்த ஊரிலும் ஒன்பதரை மணிக்கு முன்னால் படுதா தூக்கியதில்லை. அந்த நேரத்தில் கோயிலில் அர்த்தஜாம பூஜை முடிந்திருக்கும், பள்ளிவாசலில் கடைசித் தொழுகையும் முடிந்திருக்கும். அவனவன் தன் சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவான். பழைய ஆட்கள் இந்த நேரத்தை யோசித்து வைத்தார்களோ இல்லையோ, அதனால் யாருக்கும் சங்கடம் வந்ததில்லை. வக்கீல் ஒரு பேனா கோட்டில் அதை மாற்றி, நாடகம் சாயங்காலம் நாலரை மணிக்கு என்று நோட்டீஸ் அச்சடித்துவிட்டார்.

ஒத்திகை முடிந்து ஒரு நாள் இஸ்மாயில் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் முதல்ல மேடைக்கு வர்ற அந்தப் பெரிய பாட்டு எத்தனை மணிக்கு வரும்னு பார்த்தீங்களா?"

பார்த்திருந்தேன். சரியாகச் சூரியன் விழுகிற நேரத்துக்கு வரும். அதுதான் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம். புத்தூரில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிவாசல் இருந்தது. அங்கிருந்து கூப்பிடுவது மைதானத்தில் நன்றாகக் கேட்கும்.

"எங்க பள்ளிவாசல் முத்தவல்லியை முன் வரிசையில உட்கார வைக்கப் போறாங்களாம்" என்றார். முத்தவல்லி என்றால் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிறவர். "நான் வேஷம் கட்டறது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. பார்க்காத வரைக்கும் கண்டிக்க வேண்டியதில்லை. அது அவர் எனக்குக் காட்டற தயவு. இப்ப பாங்கு சொல்லும்போது அவர் கண்ணு முன்னாலே, பெட்டியும் மிருதங்கமும் முழங்க, நான் நாமம் போட்டுக்கிட்டுப் பாடினா? அவர் சும்மா இருந்தாலும் ஜமாஅத் விடாது. இன்னும் பதினஞ்சு நாள்ல என் பொண்ணுக்கு நிக்காஹ். அவர் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வந்து எழுதினாத்தான் கல்யாணம்."

"வக்கீல்கிட்ட சொல்லிப் பாருங்களேன்" என்றேன்.

"நான் கேட்டா அது மத விஷயம். நீங்க கேட்டா நேர விஷயம். அந்த இடத்துல ஒரு கால் மணி இடைவேளை விடச் சொல்லுங்க, போதும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் ஒரு வேலையைச் சொல்ல முடியாது. சரி என்று வக்கீல் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் அவர் கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். வராந்தா பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள், "என்னப்பா?" என்று அவரே கேட்டார். "சும்மா, பாட்டு விஷயமா" என்றேன். "எல்லாம் பிரமாதமா இருக்கு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

இஸ்மாயில் பாய் கேட்டபோது, "சொல்லிட்டேன், ஆகட்டும்னார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொன்னால் அவர் முகம் மாறுமே என்ற கூச்சம். வக்கீலைப் பார்க்கக் கூச்சம், இவரைப் பார்க்கவும் கூச்சம். கூச்சக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று உலகம் நம்புகிறது. எங்களைப் போல அலுங்காமல் பொய் சொல்கிறவர்கள் கிடையாது.

நாடக நாள் வந்தது. கொட்டகை நிறைந்துவிட்டது. முன் வரிசை நடுவில் துரை. அவருக்கு ஒரு பக்கம் முத்தவல்லி, வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத அங்கி. இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், கோயில் கைங்கரியக் குடும்பம், பன்னிரண்டு திருமண்ணும் பளிச்சென்று இட்டிருந்தார். வரவேற்புரை என்று வக்கீல் எழுந்தார். ஒற்றுமைக்கு உதாரணமாக ஒரு கையின் ஐந்து விரல்களைச் சொன்னார், ஒரு மாலையின் பல பூக்களைச் சொன்னார், ஒரு கடலில் கலக்கும் நதிகளைச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார்.

படுதா தூக்கியதும் நான் ஓட ஆரம்பித்தேன். பாட்டுக்களை வேகமாக எடுத்தேன், சரணங்களை விழுங்கினேன். பக்கிரி வேஷக்காரன் மூச்சு வாங்கினான். பேச்சு தின்ற நேரத்தைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் மிச்சமும் பிடித்தால், பாங்குக்கு முன்பே பாய் பாட்டை முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. கிட்டத்தட்டப் பிடித்தும் விட்டேன். அப்போது பபூன் வந்தான். கழுதைக்கு எந்த மதம் என்று ஒரு பாட்டு. அவன் கழுதை மாதிரி கத்தியதைக் கேட்டுத் துரை வாய்விட்டுச் சிரித்தார். உடனே வக்கீல் எழுந்து, "ஒன்ஸ்மோர்!" என்று கூவினார். ஒன்ஸ்மோர் கேட்டால் மறுபடி பாடித்தான் ஆக வேண்டும், அது நாடகச் சட்டம். பாடினான். மறுபடி ஒன்ஸ்மோர். கழுதை மூன்று தரம் கத்தியது.

கொட்டகையின் மேற்குப் பக்கத் தட்டியைக் காற்றுக்காகத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வெயில் மஞ்சளாகி முன் வரிசைக்கு வந்துவிட்டது. முத்தவல்லி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அது நான் எதிர்பார்த்தது. எதிர்பாராதது ஸ்ரீரங்கத்துப் பெரியவர். அவரும் நாற்காலியில் நெளிந்து வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் உறைத்தது. அவர் அந்தி நேரத்தில் சந்தியாவந்தனம் பண்ண வேண்டியவர். இரண்டு மதத்தையும் சேர்க்க வக்கீல் தேடிப் பிடித்த நேரம், இரண்டு மதத்துக்காரனும் எழுந்து போக வேண்டிய நேரம். இருவரும் துரைக்காகவும் மரியாதைக்காகவும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இஸ்மாயில் பாய் பக்கவாட்டுத் தட்டிக்குப் பின்னால் காவி உடையும் சடாமுடியும் நாமமுமாக வந்து நின்றார். எனக்கும் அவருக்கும் மூன்று முழம்தான் தூரம்.

"இடைவேளை எங்கே?" என்றார்.

நான் பெட்டியையே பார்த்தேன்.

"வக்கீல் ஆகட்டும்னாருன்னு சொன்னீங்களே?"

"நான் சொல்லவே இல்லை, பாய்."

அவர் மேடையைப் பார்த்தார், முன் வரிசையைப் பார்த்தார். பபூன் உள்ளே போய்விட்டான். மிருதங்கக்காரன் தட்டிவிட்டான். நான் சுருதி கொடுத்தாக வேண்டும், அவர் பாடிக்கொண்டே நுழைந்தாக வேண்டும். நுழையாமல் நின்றால், ஒற்றுமை நாடகத்தைத் துரை முன்னால் ஒரு முஸ்லிம் நடிகன் கெடுத்தான் என்று ஆகும். நுழைந்தால் அவர் மகள் கல்யாணம் போகும். கால் மிதிக்க மிதிக்கப் பெட்டி ஊதிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து பாங்கு ஆரம்பித்தது.

நான் காலை எடுத்துவிட்டேன். மிதிக்கிற பெட்டியில் காலை எடுத்தால் பாட்டு நிற்காது, சாகும். ஒரு முனகலோடு அது செத்தது. மிருதங்கக்காரன் இரண்டு தட்டு தட்டிவிட்டு என்னைப் பார்த்தான். நான் எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சபையைப் பார்த்துத் திரும்பினேன்.

என்ன சொல்வது? தொழுகை நேரம் என்று சொன்னால், ஒரு சாராருக்காக நிறுத்தினார்கள் என்று பின்னால் உட்கார்ந்திருப்பவன் கத்துவான். பாய் பேர் அடிபடும். சந்தியாவந்தனம் என்றால் மறு பக்கத்துக்காரன் கேட்பான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அது வக்கீல் பேச்சாகிவிடும், இன்னும் ஒரு மணி நேரம் ஓடும்.

"விளக்கு..." என்றேன். மறுபடி ஆரம்பித்தேன். "காஸ் விளக்கு ஏத்தணும். அரை மணி ஆகும்."

"பகலா இருக்கேய்யா!" என்று ஒருவன் கத்தினான்.

பபூன் தட்டி ஓரமாகத் தலையை நீட்டி, "இருட்டினப்புறம் ஏத்தினா வத்திப்பெட்டியைத் தேடறதுக்கு ஒரு விளக்கு வேணும்டா, மாப்பிள்ளை!" என்றான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் படுதாவை இறக்கச் சொன்னேன்.

விளக்கு வைக்கிற நேரம் என்றால் எந்த மதத்துக்காரன் மறுப்பான்? முத்தவல்லியும் பெரியவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதிக் கொட்டகை எழுந்தது. வக்கீல் என்னிடம் ஓடி வந்தார்.

"யாருய்யா உன்னை நிறுத்தச் சொன்னது? துரை உட்கார்ந்திருக்கார்!"

துரை உட்கார்ந்திருக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு சுருட்டுப் பிடிக்க வெளியே போய்விட்டார்.

மைதானத்துக்குத் தண்ணீர் என்றால் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஒன்றுதான். எல்லோரும் அங்கேதான் போனார்கள். வக்கீலின் கண்ணில் படாமல் இருக்க நானும் போனேன். ஸ்ரீரங்கத்துப் பெரியவர் முதல் படித்துறையில் இறங்கிவிட்டார். முத்தவல்லியும் கூட வந்தவர்களும் பத்தடி மேலே, தண்ணீர் வருகிற பக்கம் இறங்கினார்கள்.

"ராவுத்தரே! நீங்க மேலே காலை அலம்பினா, அந்தத் தண்ணியை எடுத்துக் கீழே நான் அர்க்யம் விடறதா?" என்று பெரியவர் சத்தம் போட்டார்.

இதற்கா பெட்டியை நிறுத்தினோம் என்று நினைத்தேன்.

முத்தவல்லி நிமிர்ந்து, "நமக்கு மேலே சோமரசம்பேட்டையிலே எருமை குளிக்குதுங்களே சாமி. அது என்ன ஜாதின்னு கேட்டுட்டா இறங்கினீங்க?" என்றார்.

பெரியவர் ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "வாஸ்தவம்தான். இருந்தாலும் எருமையை நான் பார்க்கலை, உம்மைப் பார்த்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே கரையேறி, இன்னும் மேலே போய் இறங்கினார். முத்தவல்லி, "போங்க போங்க, மேலே போகப் போக எருமைக்குக் கிட்டே போறீங்க" என்றார்.

அப்போது இஸ்மாயில் பாய் வந்தார். சடாமுடியைக் கழற்றியிருந்தார். காவியும் நாமமும் அப்படியே இருந்தன. முத்தவல்லியைப் பார்த்ததும் கரையிலேயே நின்றுவிட்டார். பதினெட்டு வருஷமாகப் பார்க்காமல் இருந்ததை முத்தவல்லி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்களும் பார்த்தார்கள்.

"இஸ்மாயிலா?" என்றார் முத்தவல்லி.

"ஆமாங்க."

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? முகத்தைக் கழுவு. நேரம் போகுது."

பாய் இறங்கிக் கழுவினார். அரிதாரமும் நாமமும் கரைந்து ஓடின. துடைக்க அவரிடம் துணி இல்லை. முத்தவல்லி தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து நீட்டினார். வெள்ளைத் துண்டில் சிவப்பும் மஞ்சளும் ஒட்டின. மேலே நின்ற ஸ்ரீரங்கத்துப் பெரியவர், "அடடா, எடுப்பா இருந்ததே, அழிச்சுட்டானே" என்றார். "மறுபடி போட்டுக்குவான் சாமி" என்றார் முத்தவல்லி, திரும்பாமலே.

தொழுகை முடிந்து திரும்பும்போது இரண்டு பெரியவர்களும் ஒரே வரப்பில் வந்தார்கள். நான் பின்னால் வந்தேன்.

"மறுபடி நாமம் போடறச்சே தென்கலையாப் போடச் சொல்லும். அது வடகலை" என்றார் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

பெரியவர் வரப்பு முடியும் வரை விளக்கினார். முத்தவல்லி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க தெருவிலேயும் ரெண்டு பள்ளிவாசல் இருக்குங்க. ஏன் ரெண்டுன்னு எனக்குத் தெரியும். வெளியாளுக்குச் சொன்னா இதுக்கா சண்டைம்பான்" என்றார். "அதேதான் ஓய், அதேதான்!" என்று பெரியவர் கையைத் தட்டினார். ஒற்றுமை சபை கூடிய நாளிலிருந்து இரண்டு மதத்துக்காரர்கள் தங்கள் மதத்தைப் பற்றி உண்மையாகப் பேசியதை நான் கேட்டது அந்த வரப்பில்தான். சபை அங்கத்தினர் ஒருவரும் அங்கே இல்லை. அவர்கள் கொட்டகையில் துரையின் காலி நாற்காலிக்குக் காவல் இருந்தார்கள்.

நாடகம் தொடர்ந்தது. பாய் தென்கலை நாமத்தோடு வந்து பாடினார். முடிந்ததும் வக்கீல் விடவில்லை. முத்தவல்லியையும் பெரியவரையும் மேடைக்கு ஏற்றி, "கட்டித் தழுவிக்கொள்ளுங்கள்!" என்றார். வரப்பில் கையைத் தட்டிப் பேசியவர்கள் கொலு பொம்மை மாதிரி விறைத்து நின்றார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக இறங்கிப் போனார்கள். சபை கை தட்டியது.

வேஷம் கலைக்கிற இடத்துக்கு வக்கீல் வந்தார். கோபம் போயிருந்தது. துரை கை குலுக்கிவிட்டார் அல்லவா? என்னைத் தட்டிக்கொடுத்து, "இடைவேளை வேணும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானா மாட்டேன்னு சொல்றவன்?" என்றார். இஸ்மாயில் பாய் கண்ணாடியில் பார்த்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தது.

கம்பெனியில் எல்லோரும் என்னைப் பெரிய தைரியசாலி என்றார்கள். துரை முன்னால் பெட்டியை நிறுத்தியவன் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். இன்றைக்கும் உங்களில் சிலர் அந்தக் கதைக்காகத்தான் என்னைத் தேடி வருகிறீர்கள். நானும் இத்தனை நாள் மறுக்கவில்லை.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. முத்தவல்லியே வந்து புத்தகத்தில் எழுதினார். கம்பெனி முழுவதும் சாப்பிடப் போனோம். இஸ்மாயில் பாய் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே பரிமாறிக்கொண்டு வந்தார். என் முன்னால் குனிந்து, இரண்டு கரண்டி அதிகமாகவே வைத்தார். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என்கிட்ட இல்லைன்னு சொல்லியிருந்தா நானே வக்கீல்கிட்ட போயிருப்பேன். உங்க கூச்சத்துக்கு என் பொண்ணைப் பணயம் வச்சுட்டீங்களே."

"சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.